குற்றம் செய்த இளைஞர்களைக் கடுமையாகக் கண்காணித்தால் திருந்திவிடுவார்களா?
கண்காணிப்பு மட்டும் போதாது. 1841-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில், காலணி செய்யும் தொழில் பார்த்த ஜான் அகஸ்டஸ் ஒரு குடிகாரரை ஜாமீனில் எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே விடும் இன்றைய நன்னடத்தைக் கண்காணிப்பு முறைக்கு அதுதான் முன்னோடி. அதன் உயிர்நாடியே உதவி.

வீட்டில் வன்முறை, பாதியில் நின்ற படிப்பு, போதை என்று பல காரணங்கள் சேர்ந்தே பிள்ளைகளைக் குற்றத்தில் தள்ளுகின்றன. இதில் நண்பர் கூட்டத்தின் பங்கு பெரிது. பதின்வயதினர் பெரும்பாலும் கூட்டாகத்தான் தப்பு செய்கிறார்கள். வளர்ந்ததும் பலர் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். சின்னத் தவறு செய்த பையனைப் பழகிய குற்றவாளிகளோடு உட்காரவைத்து வாராவாரம் கையெழுத்து வாங்கினால் கெடுதல்தான். அப்புறம், ஒருநாள் தாமதமாக வந்ததற்கே சிறைக்கு அனுப்புவது கொடுமை. அதிகாரி முதலில் அவனைப் படிப்பிலோ வேலையிலோ சேர்த்துவிடட்டும்.