சேவலா, பேடா: முட்டைக்குள் தீர்ப்பது யார்?

பங்குனி வெயில் ஏறமுதல் அடை வைத்துவிட வேண்டும் என்று வன்னியில் முற்றத்துக்கு முற்றம் அவசரம் தொடங்கிவிட்டது. இந்தமுறை வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் கோழிக் கடிதங்கள்தான். 29 வருடம் உயிரியல் படிப்பித்தவள், இப்போது வட்டக்கச்சியில் 14 ஊர்க்கோழிகளோடு இருப்பவள் என்ற இரண்டு உரிமையிலும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ரீச்சர், எங்கட பேடு 10 குஞ்சு பொரித்தது. வளர வளரப் பார்த்தால் 8 சேவல். கூர் முட்டை சேவலாகும் என்று சொல்லுவினம், அதனால் உருண்டை முட்டையாகப் பார்த்துத்தான் வைத்தேன். மாமி இந்தப் பேட்டுக்கு ராசியில்லை, கறி வைப்பம் என்கிறா. சேவலை மாற்றினால் சரிவருமா?
(முத்தையன்கட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பேட்டைச் சட்டிக்குள் போகவிடாமல் காப்பாற்றுங்கள்.

சேவலை மாற்றிப் பலன் இல்லை. கோழியின் கலத்துக்குள் 39 சோடி நிறமூர்த்தங்கள், அதாவது பரம்பரைச் செய்தியைச் சுமக்கிற இழைகள், இருக்கின்றன. ஆண் பெண் விசயம் அதில் ஒரேயொரு சோடியோடு சம்பந்தப்பட்டது. சேவலிடம் அந்தச் சோடியில் இரண்டும் இசட். பேட்டிடம் ஒன்று இசட், மற்றது டபிள்யூ. சேவல் எந்தக் குஞ்சுக்கும் இசட்டைத்தான் கொடுக்கும், அதனிடம் வேறு கிடையாது. பேட்டிடமிருந்து இசட் வந்தால் குஞ்சு சேவல். டபிள்யூ வந்தால் பேடு.

மனிதரில் இது மறுவளம். தாயிடம் இரண்டு எக்ஸ், தகப்பனிடம் ஒரு எக்ஸும் ஒரு வையும். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வருவதில் தங்கியிருக்கிறது. இதை நான் கரும்பலகையில் எழுதிய ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு மாணவி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இதை எங்கட வீட்டை வந்து ஒருக்காச் சொல்லுவீங்களா ரீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குக் கீழே நான்கு தங்கைகள். அவளோடு போனேன். அப்பம்மா நான் சொன்னதைக் கேட்டாவோ தெரியாது, ஆனால் அவளுடைய அம்மா குசினி வாசலில் நின்று கடைசி வரை கேட்டா.

கோழியில் முடிவு பேட்டிடம் என்றால் பேட்டில்தானே பிழை என்று மாமி சொல்லக்கூடும். இசட்டா டபிள்யூவா என்பது பேட்டுக்கே கட்டுப்படாத தற்செயல். காசைச் சுண்டினால் பூவோ தலையோ விழுவதைப் போலத்தான். 10 குஞ்சில் 8 அல்லது அதற்கு மேல் சேவலாக வருவது 18 அடைக்கு ஒருமுறை நடக்கக்கூடியதுதான். உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் அடை வைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், அதில் ஏதோ ஒரு வீட்டுக்கு இந்த வருடம் இது வரக்கூடும். 2010இல் மீளக்குடியேறிக் கோழி வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். ஒவ்வோர் அடையாகப் பார்த்தால் ஏறுமாறாக இருக்கும். பக்கம் பக்கமாகக் கூட்டினால் பாதிக்குப் பாதிதான் வருகிறது.

கூர் முட்டைக் கதையை என் அம்மாவும் நம்பினா. நடக்கிற ஒழுங்கைப் பாருங்கள். சூலகத்திலிருந்து மஞ்சட்கரு கழன்று விழுவதற்குச் சற்று முன்னரே அதற்குள் இசட்டா டபிள்யூவா தங்குவது என்பது முடிந்துவிடும். பிறகுதான் அது முட்டைக் குழாய்க்குள் இறங்கி, வெள்ளைக்கருவைச் சுற்றிக்கொண்டு, மென்சவ்வு பூண்டு, ஏறத்தாழ 20 மணித்தியாலம் கிடந்து ஓடு கட்டும். வடிவம் வருவது இந்தக் கடைசிக் கட்டங்களில். குழாயின் தசைதான் அதைக் கூராகவோ உருண்டையாகவோ அமுக்குகிறது. உள்ளே இருப்பது யாரென்று குழாய்க்குத் தெரியாது.

அடைக் கடகத்தில் கரித்துண்டும் ஆணியும் வைப்பதை நான் விடச் சொல்லவில்லை. நானும் வைக்கிறேன், அம்மாவின் ஞாபகத்துக்கு.

கேள்வி: மனிதரில் எக்ஸ், வை. பறவையில் இசட், டபிள்யூ. ஏன் வேறு எழுத்து? இரண்டும் ஒரே மூதாதையின் நிறமூர்த்தத்திலிருந்து வந்தனவா? டபிள்யூ ஏன் இவ்வளவு சிறியது?
(மல்லாவி, உயர்தர மாணவர்)

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை முழுதாகத் தரலாம்.

எழுத்து வேறாக இருப்பது குழம்பாமல் இருக்கத்தான். ஒரே மாதிரி இரண்டை வைத்திருப்பது பெண் என்றால் எக்ஸ், வை என்று எழுதுகிறோம். ஆண் என்றால் இசட், டபிள்யூ. ஆனால் எழுத்து மட்டும் வேறில்லை, வந்த வழியும் வேறு. சுசுமு ஓனோ என்ற ஆய்வாளர் 1967இல் ஒரு நூலில் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார்: இலிங்க நிறமூர்த்தங்கள், அதாவது ஆண் பெண்ணைத் தீர்க்கிறவை, எல்லாம் ஒருகாலத்தில் மற்றச் சோடிகளைப் போலச் சாதாரணச் சோடியாக இருந்தவை. எந்தச் சோடி இந்த வேலையை ஏற்றது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். கோழியின் இசட்டில் இருக்கிற பரம்பரையலகுகளை (ஜீன்களை) மனிதரில் தேடிப்போனால் எக்ஸில் அவை கிடைக்காது. பெரும்பங்கு எங்கள் 9ஆம், 5ஆம் நிறமூர்த்தங்களில் இருக்கின்றன. எங்களிடம் அவை ஆண் பெண் பார்க்காத சாதாரண நிறமூர்த்தங்கள். பாம்புக்கும் இசட், டபிள்யூ என்றுதான் எழுதுகிறோம். ஆனால் பாம்பின் சோடி வேறு, பறவையின் சோடி வேறு.

அந்த 9ஆம் நிறமூர்த்தத்தில் டிஎம்ஆர்டி1 என்றொரு பரம்பரையலகு இருக்கிறது. கோழியில் அது இசட்டில் இருக்கிறது, டபிள்யூவில் இல்லை. ஆகவே சேவலுக்கு இரண்டு பங்கு, பேட்டுக்கு ஒரு பங்கு. 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆண் முளையங்களில், அதாவது முட்டைக்குள் வளர்கிற கருக்களில், இதன் வேலையை அடக்கிப் பார்த்தார்கள். ஆணின் விதையாக வளர வேண்டிய உறுப்பு சூலகத்தின் பக்கம் திரும்பியது. பறவையில் ஆணாக்குவது ஒரு தனிப் பொருள் இல்லை, ஒரே பொருளின் இரட்டைப் பங்கு என்று அதிலிருந்து விளங்குகிறது. மனிதரில் வை நிறமூர்த்தத்தில் இருக்கிற ஓர் அலகு வந்து ஆளியைத் தட்டுவது போலத் தட்டுகிறது. அதனால் வை இருந்தாலே போதும்.

இனி டபிள்யூ. இதைப் பாடப்புத்தகத்து மொழியில் சொன்னால் உங்களுக்குப் பரீட்சைக்கு உதவும், மனதில் நிற்காது. வேறுவிதமாகச் சொல்கிறேன்.

இடம்பெயர்ந்து மரத்தடியில் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளிடம் புத்தகம் இருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ் கொப்பிதான் எல்லாம். மழையில் ஒருத்தியின் கொப்பியில் ஒரு பக்கம் ஊறி மை கரைந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவளின் கொப்பியைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்வாள். அவளுக்கு ஒரு பக்கம் கிழிந்தால் இவளைப் பார்ப்பாள். இரண்டு கொப்பியும் ஒன்றை ஒன்று காப்பாற்றின. பிறகு ஒரு இடப்பெயர்வில் இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் போய்விட்டார்கள். ஒருத்தியின் கொப்பி தனித்துப்போனது. ஊறினது ஊறினதுதான், கிழிந்தது கிழிந்ததுதான். வருடங்கள் கழித்து அவள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது நடுவில் சில தாள்கள் மட்டுமே மிச்சம். மிஞ்சிய தாள்களை அவள் ஒருநாளும் கைவிட்டிருக்கவில்லை, ஏனென்றால் பரீட்சைக்கு அவை இல்லாமல் முடியாது.

சோடி நிறமூர்த்தங்கள், முட்டையும் விந்தும் உருவாகிற ஒடுக்கற்பிரிவின்போது, பக்கத்தில் பக்கத்தில் வந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. நீங்கள் படிக்கிற குறுக்குப்பரிமாற்றம் இதுதான். ஒன்றில் விழுந்த பழுதை மற்றதன் நல்ல துண்டோடு சேர்த்துத் தலைமுறை தாண்டிக் கழித்துவிட வழி செய்வது அந்த மாற்றம்தான். இசட் சேவலின் உடலில் இன்னொரு இசட்டைச் சந்திக்கும். டபிள்யூவின் நிலை வேறு. பேட்டுக்குள் மட்டும்தான் அதற்கு வாழ்வு, பேட்டில் இருப்பதோ ஒரு டபிள்யூ. ஒரு டபிள்யூ இன்னொரு டபிள்யூவை எந்தக் காலத்திலும் காண்பதில்லை. பக்கத்தில் இருக்கிற இசட்டோடு முந்தி மாற்றிக்கொண்டிருந்தது. பறவைகளின் பொது மூதாதையில், 10 கோடி வருடங்களுக்கும் முன்னர், டிஎம்ஆர்டி1 இருக்கிற பகுதியில் அந்த மாற்றம் நின்றது. பிறகு வெவ்வேறு காலங்களில், பகுதி பகுதியாக, மற்ற இடங்களிலும் நின்றுகொண்டே போனது. குளக்கட்டு வெட்டும்போது மண் படைபடையாகத் தெரியுமே, அதுபோல எந்தப் பகுதி எப்போது பிரிந்தது என்பதை இன்றைக்கும் நிறமூர்த்தத்தில் படையாகப் பிரித்துப் பார்க்கலாம். பழைய படைகளில் இசட்டுக்கும் டபிள்யூவுக்கும் வித்தியாசம் கூட.

கோழியின் டபிள்யூவில் அந்தப் பழைய சோடியிலிருந்து மிஞ்சியவை 28 பரம்பரையலகுகள். இசட்டில் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மிஞ்சிய அந்த 28ஐப் பார்த்தால், ஒரு பங்கு குறைந்தாலே உடல் தாங்காத வகையான அலகுகள்தான் பெரும்பாலும். என் மாணவி கைவிடாத தாள்கள் மாதிரி. "டபிள்யூ அழிந்துகொண்டு போகிறது, ஒருநாள் இல்லாமலே போகும்" என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மிஞ்சியவை கோடிக்கணக்கான வருடங்களாக நிலைத்து நிற்கின்றன.

எல்லாப் பறவையிலும் இப்படி இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தீக்கோழியிலும் ஈமுவிலும் இசட்டும் டபிள்யூவும் இன்றைக்கும் பெரும்பகுதி ஒத்திருக்கின்றன, மாற்றிக்கொள்கின்றன. அந்த இரண்டு கொப்பிகளும் பிரியவில்லை. வானம்பாடி இனத்தில் நடந்தது இதற்கு எதிர்: வேறு நிறமூர்த்தங்களின் துண்டுகளும் வந்து ஒட்டி, பறவைகளிலேயே மிகப் பெரிய இலிங்க நிறமூர்த்தங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன. அறுவடை முடிந்த வயல்வெளியில் பாடிக்கொண்டே நேராக மேலே ஏறுமே, அந்தக் குடும்பந்தான்.

கேள்வி: பொரிப்பு மெசினில் சூட்டைக் கூட்டினால் பேடு கூட வரும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
(கனகராயன்குளம்)

பதில்: செய்து பார்க்காதீர்கள், கூழ்முட்டைதான் மிஞ்சும். 37.5 பாகையை ஒட்டி 21 நாள் வைத்திருங்கள்.

அந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. முதலைக்கு அது உண்மை. இன்று உயிரோடு இருப்பவற்றில் பறவைக்கு மிகக் கிட்டிய உறவு முதலைதான். எங்கள் குளங்களில் கிடக்கிற முதலைக்கு இலிங்க நிறமூர்த்தமே கிடையாது. கரையில் தோண்டி இடுகிற முட்டை 32 பாகையை ஒட்டிய சூட்டில் இருந்தால் ஆண் கூட வரும், அதைவிடக் குளிர்ந்தால் பெண். கடலாமையில் சூடு கூடினால் பெண். கோழியில் முட்டை வெளியே வரமுதலே எல்லாம் தீர்ந்துவிட்டது.

கேள்வி: முட்டைக்கோழிக் குஞ்சு என்று சொல்லி ஒருவர் ஒருநாள் வயதுக் குஞ்சு 20 தந்தார். எல்லாம் வெளிர் மஞ்சள். இப்போது 20ம் கூவுகின்றன.
(புளியங்குளம்)

பதில்: தங்கச்சி, இது ஏமாற்று. பழுப்பு முட்டைக் கோழியின் குஞ்சில் நிறமே ஆண் பெண்ணைச் சொல்லும்படிதான் தாய் தகப்பனைத் தெரிவு செய்கிறார்கள். தாயின் இசட்டில் வெள்ளை நிறத்தைத் தருகிற ஆட்சியான (ஒன்று இருந்தாலே வெளியே தெரிகிற) அலகு, தகப்பனின் இரண்டு இசட்டிலும் பழுப்பு. தாய் தன் இசட்டை மகனுக்கு மட்டுமே கொடுக்கிறாள், ஆகவே மகன் வெளிர். மகளுக்குத் தாயிடமிருந்து டபிள்யூ, இசட் தகப்பனுடையது, ஆகவே பழுப்பு. இனிமேல் பழுப்புக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அந்தக் குஞ்சுகளை வளர்த்து நீங்களே இனம் பெருக்கினால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் உடைந்துபோகும். ஊர்க்கோழியில் இது பலிக்காது.

கேள்வி: பிள்ளை, எங்கள் வீட்டுப் பேடு ஒன்று மூன்று மாதமாக முட்டையிடவில்லை. இப்போது கொண்டைப்பூ பெருத்து விடியப்புறம் கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள்.
(நெடுங்கேணியிலிருந்து ஒரு ஐயா)

பதில்: ஐயா, எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கையில் எங்கள் வீட்டிலும் ஒரு கருவல் பேடு கூவியது. அன்று பொழுதுபடமுதல் அம்மா அதை அறுத்துவிட்டா. துப்பரவு செய்ய நான்தான் உதவினேன். முட்டையிடுகிற பேட்டின் வயிற்றில் மஞ்சட்கருக்கள் சிறிதும் பெரிதுமாகக் குலையாக இருக்கும். அதன் வயிற்றில் குலை இல்லை, இடது பக்கம் காய்ந்த வாழைப்பூ மாதிரி ஏதோ சுருங்கிக் கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன், பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நான் உயிரியல் படித்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

பேட்டுக்கு இடப்பக்கச் சூலகம்தான் வேலை செய்கிறது. வலப்பக்கத்தது சிறு வயதிலேயே வளராமல் நின்றுவிடும். நோயாலோ கட்டியாலோ இடப்பக்கம் பழுதானால் பெண் ஓமோன் குறைகிறது. நின்றுபோயிருந்த வலப்பக்கம் விதை போலத் திரும்ப வளரத் தொடங்கலாம். அப்போது பூ பெருக்கும், முள் வளரும், கூவும். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1474இல் முட்டையிட்ட சேவல் ஒன்றை விசாரித்து எரித்தார்கள். பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அறுக்க வேண்டாம் ஐயா. அது ஒருவருக்கும் தீங்கு செய்யாது. இனி அதனிடம் முட்டையை எதிர்பார்க்கவும் வேண்டாம். எடின்பரோ ஆய்வாளர்கள் 2010இல் ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் பேடுமாக இருந்த கோழிகளை ஆராய்ந்தபோது, கோழியின் ஒவ்வொரு கலமும் தான் ஆணா பெண்ணா என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று கண்டார்கள். உங்கள் பேடும் அப்படித்தான். வேலியில் ஏறிநின்று கூவும்போது அதன் இறகொன்றைப் பிடுங்கி ஆய்வுகூடத்தில் கொடுத்தால், அந்த இறகின் வேரில் டபிள்யூ இப்போதும் இருக்கும்.