நான்லீனியர் ஸ்பிரிங்: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விசையையும் நகர்வையும் கணக்கிடுவது) நான்லீனியர் ஸ்பிரிங், அதாவது அமுங்க அமுங்க ஸ்டிஃப்னஸ் மாறும் ஸ்பிரிங், வைப்பதைப் பற்றி, பெங்களூருவில் இதே வேலையில் இருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பீன்யாவிலிருந்து: அக்கா, இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பருக்கு லேபில் எடுத்த விசை–இடப்பெயர்ச்சி அட்டவணையை அபாகஸ் மென்பொருளில் கொடுத்தேன். 6 மி.மீ. வரை சரியாக வருகிறது. அதற்கு மேல் மவுண்ட் எதிர்ப்பே இல்லாமல் அமுங்கிக்கொண்டே போகிறது. ஏன்?

உங்கள் அட்டவணை 6 மி.மீ.யோடு முடிந்திருக்கும், பாருங்கள். அட்டவணையைத் தாண்டினால் அபாகஸ் கடைசி விசையை அப்படியே வைத்துக்கொள்ளும். அதாவது அங்கே ஸ்டிஃப்னஸ் (ஒரு மி.மீ. நகர்த்தக் கூடுதலாகத் தேவைப்படும் விசை, வளைவின் சரிவு) பூஜ்யம். அன்சிஸ் மென்பொருளில் இருக்கும் காம்பின்39 என்ற ஸ்பிரிங் எலிமென்ட் அப்படிச் செய்யாது, கடைசித் துண்டின் சரிவையே நீட்டிக்கொண்டு போகும். அதனால் ஒரே அட்டவணைக்கு இரண்டு மென்பொருளும் இரண்டு விடை தரும்.

நிஜ ரப்பர் அந்த இடத்தில் இறுகும். முடிந்தால் லேபில், மேலும் அமுங்காமல் தடுக்கும் ஸ்டாப்பர் தொடும் வரை அழுத்தி அளக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நீங்களே ஒரு புள்ளி சேர்க்கலாம். ஆனால் அது அளந்தது அல்ல, ஊகம் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள். அதை மறைப்பது எனக்குப் பிடிக்காது. பின்னால் வருபவர் அதை அளவீடு என்றே நம்பிவிடுவார்.

இன்னொன்று: அபாகஸில் முதலில் விசை, அப்புறம் இடப்பெயர்ச்சி. காம்பின்39-இல் முதலில் இடப்பெயர்ச்சி. அட்டவணையை ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டும்போது பலர் தவறுவது இங்கேதான்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: இழுக்கும்போது மட்டும் அளந்த தரவு இருக்கிறது. அமுக்கும் பக்கத்தை விட்டுவிடலாமா மேடம்?

விடாதீர்கள். காம்பின்39-இல் அந்தப் பக்கத்தைக் கொடுக்காவிட்டால், இழுவிசை வளைவையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அபாகஸின் ஸ்பிரிங்2 எலிமென்ட்டில் குறி குழப்பமும் உண்டு. ஸ்பிரிங்கின் இரு முனைப் புள்ளிகளில் (நோடு) முதல் நோடின் நகர்விலிருந்து இரண்டாவதைக் கழித்துத்தான் அது கணக்கிடுகிறது. நோடு வரிசை மாறினால் இழுப்பது அமுக்குவதாகிவிடும்.

பெரிய மாடலைத் தொடுவதற்கு முன் இரண்டு நோடு, நடுவில் ஒரு ஸ்பிரிங் என்று ஒரு குட்டி மாடல் செய்யுங்கள். இரு பக்கமும் நகர்த்தி, வரும் விசையை உங்கள் அட்டவணை மேலேயே வரைந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. ஒரு புராஜெக்ட்டில் அதைச் செய்யாமல் விட்டு, இரண்டு வாரம் தலைகீழ் மவுண்ட்டோடு ஓடியிருக்கிறேன்.

பெல்லந்தூரிலிருந்து: வளைவில் சரிவு சட்டென்று மாறும் இடத்தில் கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கவே (கன்வெர்ஜ்) மாட்டேன் என்கிறது. ஏற்கும் பிழை அளவை (டாலரன்ஸ்) தளர்த்தலாமா?

வேண்டாம். முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 4 மி.மீ. வரை மி.மீ.க்கு 50 நியூட்டன், அதற்கு மேல் 2000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 3.9 மி.மீ.யில், 195 நியூட்டனில் இருக்கிறீர்கள். அடுத்த படியில் 1000 நியூட்டன் கூட்டுகிறீர்கள். விடையைச் சுற்றுச் சுற்றாகத் தேட மென்பொருள் பயன்படுத்தும் நியூட்டன்-ராப்சன் முறைக்கு அந்த நொடியின் சரிவு மட்டுமே தெரியும். 1000-ஐ 50-ஆல் வகுத்து, இன்னும் 20 மி.மீ. நகர வேண்டும் என்று முடிவு செய்து 23.9-க்குத் தாவுகிறது. அங்கே ஸ்பிரிங் காட்டும் விசை 40,000 நியூட்டன்! தேவைப்பட்டதோ 1195.

தனி ஸ்பிரிங் என்றால் அடுத்த சுற்றிலேயே திரும்பி வந்துவிடும். நிஜ மாடலில் மவுண்ட் நான்கு இருக்கும், பாகங்கள் ஒன்றையொன்று தொடும் கான்டாக்ட் இருக்கும். 24 மி.மீ. போன இடத்தில் மெஷ் கிழிந்து, கான்டாக்ட் ஒன்று திறந்து இன்னொன்று மூடி, கணக்கு தடுமாறிவிடும்.

ஆகவே அந்த முனை வரும் நேரத்தில் படியைச் சிறிதாக்குங்கள். முனையையும் அரை மி.மீ. அகலத்தில் நாலைந்து புள்ளி வைத்து மழுக்கிவிடுங்கள். ரப்பரில் அப்படி ஒரு கூர்முனை இருக்கவும் இருக்காது. ஸ்டாப்பரைக் காட்ட மலை போன்ற ஸ்டிஃப்னஸ் கொடுப்பவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் உலோகத்தைவிடச் சில மடங்கு போதும்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து, பாலத்துக்கு பைல் டிசைன் செய்பவர்: பைல் பக்கவாட்டில் நகரும்போது மண் தரும் எதிர்ப்பைக் காட்டும் பி-ஒய் வளைவை அப்படியே ஸ்பிரிங்கில் போடலாமா?

போடக்கூடாது. அதில் இருக்கும் பி, பைலின் ஒரு மீட்டர் நீளத்துக்கான விசை. 0.5 மீட்டருக்கு ஒரு ஸ்பிரிங் என்றால் 0.5-ஆல் பெருக்குங்கள், மேல் கீழ் முனைகளில் 0.25-ஆல்.

முன்னே சொன்ன இன்ஜின் மவுண்ட்டில் அதிர்வெண் கணக்கிட்டால் மென்பொருள் எந்த ஸ்டிஃப்னஸை எடுக்கும்?

அதிர்வெண் கணக்கு லீனியர். அபாகஸில் முதலில் இன்ஜின் எடையை ஏற்றும் நான்லீனியர் ஸ்டெப் ஓட்டினால், அந்த எடையில் அமுங்கி நிற்கும் இடத்தின் சரிவை எடுத்துக்கொள்ளும். ஓட்டாவிட்டால் பூஜ்ய இடப்பெயர்ச்சியில் இருக்கும் சரிவுதான் கிடைக்கும். இறுகும் ரப்பருக்கு அது குறைவான அதிர்வெண்ணைக் காட்டும்.

கிளட்சில் வரும் டிஸ்க் ஸ்பிரிங் (கூம்பு வடிவத் தகடு), பாதி வழியில் தாவிவிடுகிறது. மாடல் தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. கூம்பின் உயரம், தகட்டின் தடிமனைப் போல 1.41 மடங்குக்கு மேல் போனால் வளைவின் நடுவில் விசை நிஜமாகவே குறையும். 1936-இல் ஆல்மன், லாஸ்லோ தந்த சூத்திரத்திலேயே இது வருகிறது. விசையை ஏற்றிக்கொண்டே போனால் அந்த இறக்கத்தைப் பிடிக்க முடியாது, தாவத்தான் செய்யும். இடப்பெயர்ச்சியைக் கொடுத்து நகர்த்துங்கள், எதிர்விசையை அளந்துகொள்ளுங்கள். இறக்கமும் ஏற்றமும் முழுதாகக் கிடைக்கும்.