பஸ்ல வைஃபை குடுக்க லைசென்ஸ் வேணுமாங்க?

கேள்வி: வேலந்தாவளத்துல இருந்து கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியா பாலக்காட்டுக்கு லைன் பஸ் ஓட்டறேன். காலேஜ் பசங்க வைஃபை கேக்கறாங்க. ரூட்டர், சிம், 'வைஃபை லைசென்ஸ்' எல்லாம் சேத்து பதினெட்டாயிரம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். எவனாவது பஸ்ல உக்காந்து தப்பா எதையாவது அனுப்புனா போலீஸ் என்னையத்தான புடிக்கும்?

பதில்: மொதல்ல அந்த ஏஜென்ட்ட வாசல்லயே நிறுத்துங்க. பஸ் ஓனருக்குன்னு 'வைஃபை லைசென்ஸ்' எதுவும் கிடையாது. 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஓகே பண்ண பிஎம்-வாணிங்கற பொது வைஃபை திட்டத்துலயே, வைஃபை குடுக்கற கடைக்காரருக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். லாகினையும் கணக்கையும் பாத்துக்கற கம்பெனிதான் பதிவு பண்ணணும், அதுக்கும் ஃபீஸ் கிடையாது. அந்த ஏஜென்ட் குடுக்கற கலர் சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணி டிரைவர் தலைக்கு மேல மாட்டலாம், அவ்வளவுதான் அதோட உபயோகம்.

லைசென்ஸவிட எனக்கு பயம் அந்த சிம்மப் பத்திதான். 'ஏற்கெனவே ஆக்டிவேட் ஆனது, போட்டா ஓடும்'னு குடுப்பாங்க. யார் பேர்ல ஆக்டிவேட் ஆச்சு? 2023 டெலிகாம் சட்டத்துல, ஏமாத்தியோ ஆள் மாறாட்டம் பண்ணியோ சிம் வாங்குனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். கம்பெனி ஸ்டோருக்கு நீங்களே போங்க, பஸ்ல பாசஞ்சருக்கு குடுக்கப் போறேன்னு வாயத் தெறந்து சொல்லி பிசினஸ் பிளான் கேளுங்க. வீட்டு உபயோகத்துக்கான பிளான ஊருக்கே பங்கு வெக்கறத அவங்க ஒத்துக்க மாட்டாங்க.

இப்ப போலீஸ் விஷயம். 2008ல அகமதாபாத் குண்டுவெடிப்பு மெயில் நவி மும்பைல பாஸ்வேர்டே இல்லாம கெடந்த ஒருத்தர் வைஃபைலருந்து போச்சு, போலீஸ் மொதல்ல போய் நின்னது அவர் வீட்டு வாசல்லதான். அப்புறம்தான் 2009ல டெலிகாம் துறை ஆர்டர் போட்டுச்சு. பொது எடத்துல வைஃபை குடுத்தா யார் உள்ள வந்தாங்கன்னு தெரியணும், அந்த ரெக்கார்டு ஒரு வருஷம் இருக்கணும். அதனால கம்பியில பாஸ்வேர்டு ஸ்டிக்கர் ஒட்டறதோட விட்றாதீங்க, செல்லுக்கு ஓடிபி வந்து உள்ள போற லாகின் பேஜ் வைங்க, ரெயில்வே ஸ்டேஷன்ல வருதே அது மாதிரி. ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் வாங்கி வெக்காதீங்க, அது தொலைஞ்சா வேற தலவலி.

ஆர்டர் போட்டவங்க கடையையும் கட்டடத்தையும் மனசுல வெச்சுத்தான் போட்டாங்க, ஓடற வண்டியப் பத்திக் கேட்டா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸக் கை காட்டும்.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, கவனமா கேளுங்க. கல்யாண ட்ரிப், சபரிமலை ட்ரிப்புன்னு வண்டிய மொத்தமா வாடகைக்கு விடுவீங்க இல்ல, அன்னைக்கு உள்ள இருக்கறது எல்லாம் ஒரே குடும்பம், எதுக்கு ஓடிபின்னு சொல்லி உங்க ஆளுங்க லாகின எடுத்துட்டு வெறும் பாஸ்வேர்டு போட்டுக் குடுப்பாங்க. குடும்பம் அவங்களோடது, சிம் உங்க பேர்ல. சரி, அதயும் விடுங்க. ட்ரிப் முடிஞ்சு மறுநாள் காலைல வண்டி லைனுக்கு வரும்போது அதே பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், கல்யாணத்துக்கு வந்த அத்தனை போன்லயும் அது சேவ் ஆயிருக்கும், ஸ்டாண்டுல உங்க பஸ் வந்து நின்னா அதுபாட்டுக்கு கனெக்ட் ஆகும், லாகின் பேஜ்னு ஒண்ணு இருந்ததையே எல்லாரும் மறந்திருப்பாங்க. அதனால அன்னைக்கு ரூட்டர ஆஃப் பண்ணிருங்க, ட்ரிப் புடிச்சவர் அவர் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கட்டும்.

செட்டிங்ல நாலு விஷயம். ஒருத்தர் போன் இன்னொருத்தர் போனப் பாக்க முடியாதபடி 'கிளையன்ட் ஐசொலேஷன்' ஆன்ல இருக்கணும். ஆளுக்கு வேகம் 1 எம்பிபிஎஸ்னு கட்டுப்படுத்துங்க, இல்லன்னா ரெண்டு பேர் ரீல்ஸ் பாத்தே மொத்தத்தையும் தின்னுருவாங்க. ரூட்டரோட அட்மின் பாஸ்வேர்டு ஏஜென்ட் போட்டதா இருந்தா இன்னைக்கே மாத்துங்க. டிக்கெட் மெஷினையும் கேமராவையும் இந்த நெட்ல சேக்கவே கூடாது.

வேலந்தாவளத்துக்கிட்ட நெட் அடிக்கடி போகும், ரூட்டர் கெட்டுப் போச்சுன்னு ஏஜென்ட் புதுசு விப்பார். அது கேரளா-தமிழ்நாடு எல்லை, அங்க சிம் தமிழ்நாட்டு டவரப் புடிக்கும், வேற மாநில டவர்ல நெட் ஓட விடற 'டேட்டா ரோமிங்' நெறய ரூட்டர்ல ஆஃப்லயே வரும். அத ஆன் பண்ணுங்க, நாட்டுக்குள்ள அதுக்கு இப்ப தனிக்காசு இல்ல. அதேபோல பஸ் பேட்டரி 24 வோல்ட், ரூட்டர் பெரும்பாலும் 12. நடுவுல 24-ஐ 12 ஆக்கற நல்ல கன்வெர்ட்டர் இல்லாம ஒயர் குடுத்தா புது ரூட்டரும் புகையும்.