கணினிக் கேள்வி பதில்: படிப்பகத்தில் ஒரு நிரலாக்க வகுப்பு

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், கோடை விடுமுறையில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க எண்ணியிருக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் பீடி சுற்றும் பெண்கள் சிலருமாக முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அரசு வழங்கிய பழைய மடிக்கணினிகள் எட்டுத் தேறும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாளில் பைத்தான் என்ற நிரல்மொழி முழுவதையும் நடத்திவிடலாமா?
- ஒரு வாசகர், முக்கூடல்.

பதில்: நடத்திவிட முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். பாடத்திட்டத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், கணினிக்கும் ஆளுக்கும் உள்ள கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு கணினியைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் தட்டுவார், மற்ற மூவரும் வேடிக்கைதான் பார்ப்பார்கள். காலையில் பதினைந்து பேர், மாலையில் பதினைந்து பேர் என்று பிரித்து, ஒரு கணினிக்கு இருவரை அமர்த்தி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விசைப்பலகையைக் கைமாற்றச் சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் மாணவரின் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்பதை நான் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறேன்.

பழைய மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இருக்குமானால், பைத்தானின் புதிய பதிப்புகள் அதில் ஓடமாட்டா, 3.8 வரையிலான பதிப்புகளே அதற்குப் பொருந்தும். அந்தப் பதிப்பைப் பென் டிரைவில் எடுத்துவந்து, முந்தைய நாளே எட்டுக் கணினியிலும் நிறுவி, ஒவ்வொன்றிலும் ஒரு வரி நிரலையாவது ஓட்டிப் பாருங்கள். நிரல் எழுதுவதற்கான ஐடில் என்னும் எளிய செயலி பைத்தானுடன் சேர்ந்தே வருவதால், வகுப்பு நேரத்தில் இணையம் தேவைப்படாது. நான் பாளையங்கோட்டையில் நடத்திய முதல் வகுப்பில் இந்த வேலையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பதினொன்றரை மணி வரை பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்தேன்.

பாடத்தைப் பொறுத்தவரை மாறி (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைப்பது), உள்ளீடு, நிபந்தனை, மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), பட்டியல் ஆகிய ஐந்தும் இருபது மணி நேரத்துக்குத் தாராளமாகப் போதும். கணினிப் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பைத்தான் மறுபடியும் வரும் என்பதால், மீதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எடுத்துக்காட்டுகளை மட்டும் உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள். கட்டுக்கு 25 பீடி என்று வைத்துக்கொண்டால், 730 பீடியில் எத்தனை கட்டு, மீதி எத்தனை என்பது வகுத்தலுக்கும் மீதி காண்பதற்கும் நல்ல பயிற்சி. 29 கட்டும் 5 பீடியும் என்ற விடையை, கணினி சொல்வதற்கு முன்பே அந்தப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். நிபந்தனைக்கு, நாளிதழில் தினமும் வருகிற அணை நீர்மட்டம் இருக்கவே இருக்கிறது. பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி என்ற உச்ச அளவுகளைக் கொடுத்து, இன்றைய மட்டத்தைக் கேட்டு வாங்கி, நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும் என்று சொல்லும் நிரலை மூன்றாம் நாளே எழுதிவிடலாம்.

இடையில் ஒரு குழப்பம் கட்டாயம் வரும். பயனர் தட்டும் 5, 7 ஆகிய இரண்டையும் கூட்டச் சொன்னால், பைத்தான் 57 என்று காட்டும். தட்டப்படுவதையெல்லாம் அது எழுத்துகளாகவே வாங்கிக்கொள்வதும், எண்ணாக மாற்றச் சொல்லாதவரை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவைப்பதுமே காரணம். இதை முன்கூட்டிச் சொல்லி எச்சரிக்காதீர்கள்; அவர்களே மாட்டிக்கொண்டு, ஏன் என்று கேட்கட்டும்.

ஆங்கிலப் பயத்துக்கு ஒரு வழி உண்டு. பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படிக்கப் பழக்குங்கள்; பிழையின் வகை அங்கேதான் இருக்கும். 'நேம் எரர்' என்றால் அந்தப் பெயர் பைத்தானுக்குத் தெரியவில்லை என்று பொருள். இப்படி ஏழெட்டு வகைகளுக்குத் தமிழில் பொருள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பாதிக் கேள்விகள் உங்களிடம் வராமலே தீர்ந்துவிடும்.

கேள்வி: பைத்தானில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியுமா?
- ஒரு வாசகி, தென்காசி.

பதில்: தாராளமாக முடியும். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், கூலி, அடி, மீதி என்றெல்லாம் பெயர் வைக்கலாம். ஆனால் மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஒரே வரிக்குள் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டவேண்டியிருக்கும். தொடக்கநிலையினருக்கு அது சுமை என்பதால், திரையில் தோன்றும் செய்திகளை மட்டும் தமிழில் எழுதவைப்பதே என் வழக்கம். கட்டளைகளும் தமிழிலேயே வேண்டுமென்றால், எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது.

தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'மி'யின் மேல்விலங்கும் 'ழ்'இன் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதே இதற்குக் காரணம். நீங்களும் வகுப்பு நடத்துவதாக இருந்தால், இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்தும் எழுந்து போகமாட்டார்கள்.