ரெட்டேரி ஆமை: அது காயம் இல்லை

நண்பரே, சென்னை ரெட்டேரி ஏரிப் பக்கம் மழைக்கு அப்புறம் தெருவுக்கு வந்த ஆமையின் ஓடு தோல் போர்த்தியது மாதிரி இருக்கிறது, பின்கால் அருகே அடிப்பக்கம் சதை கிழிந்து தொங்குகிறது, இது அரிய லீத் ஆமையா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மஞ்சள் தடவுவதை நிறுத்துங்கள். அது காயம் இல்லை, மடல். பின்காலை உள்ளே இழுத்ததும் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். லீத் ஆமைக்கு அந்த மடலே கிடையாது. லீத் ஆமைக் குட்டிக்கு முதுகில் கண் போன்ற வட்டங்கள் தெரியும். அது கிருஷ்ணா, காவிரி போன்ற ஆறுகளில் வாழ்வது, இப்போது மிகவும் அருகிவிட்டது.

உங்களிடம் இருப்பது பால் ஆமை. பால் ஆமைப் படத்தில் மஞ்சள் புள்ளி இருந்ததே என்கிறீர்கள். அது வட இந்திய வகை. நம் பக்கத்து ஆமை புள்ளியில்லாத பழுப்புதான். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், மழை பெய்தால் இப்படி நடை கட்டும். நானும் சின்ன வயதில் ஒன்றை வாளியில் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் வைக்காதீர்கள். பால் ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. கழுத்து நீளும், கடிக்கும். பின்கால் பக்கமாக ஓட்டின் இரண்டு ஓரமும் பிடித்துத் தூக்கி, இன்று மாலையே அதே ஏரிக்கரையில் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.