அல் கோர் அப்படிச் சொல்லவே இல்லை

உங்கள் ஸ்லைடில் “இணையத்தைக் கண்டுபிடித்தவன் நானே – அல் கோர்” என்று போட்டிருக்கிறீர்கள், ஆசிரியர் ஆதாரம் கேட்கிறார், எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபரான அவர் அப்படிச் சொல்லவில்லை.

1999 மார்ச்சில் சிஎன்என் பேட்டியில் அவர் சொன்னது வேறு: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தபோது இணையத்தை உருவாக்குவதில் தான் முன்முயற்சி எடுத்ததாக. கொஞ்சம் பெருமையடித்த பேச்சுதான், மறுக்கவில்லை. அதைத்தான் எதிர்க்கட்சியினரும் டிவி கேலிக்காரர்களும் ‘கண்டுபிடித்தேன்’ என்று திருகிவிட்டார்கள். அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 2000 தேர்தல் வரை அது அவரை விடவில்லை.

சரி, பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. செனட்டராக அவர் கொண்டுவந்த உயர்திறன் கணினிச் சட்டத்தில் 1991 டிசம்பரில் கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர், எதிர்க்கட்சிக்காரரான சீனியர் புஷ்! அந்தச் சட்டம் தந்த பண உதவியோடுதான் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் 1993இல் மொசைக் பிரவுசர் உருவானது. இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையான டிசிபி/ஐபியை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் பாப் கானுமே 2000இல் கோருக்கு ஆதரவாக எழுதினார்கள். ஆசிரியரிடம் அதைக் காட்டுங்கள், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்புறம், அடுத்த ஸ்லைடில் இணையம் 1991இல் பிறந்தது என்றிருக்கிறது. அது இணையத்தின் மேல் இயங்கும் வலை (வேர்ல்டு வைட் வெப்) பொதுமக்களுக்கு வந்த ஆண்டு. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் என்ற கணினி வலையமைப்பில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 அன்று. ‘லாகின்’ என்று அடிக்கப் போய், ‘எல்’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்தோடு சிஸ்டம் படுத்துவிட்டது. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வகுப்பு சிரிக்கும்.