சென்னையில் சோலார் பேனலைத் தெற்குப் பார்த்து வைக்க இடமில்லை, கிழக்குதான் இருக்கிறது. மின்சாரம் எவ்வளவு குறையும், எப்படிக் கணக்கிடுவது?

நீங்கள் பயப்படும் அளவுக்குக் குறையாது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மொட்டை மாடியின் தெற்குப் பக்கத்தைத் தண்ணீர் டேங்கும் மாடிப்படி அறையும் பிடித்துக்கொண்டன. விலை சொல்ல வந்தவர், "தெற்கு இல்லேன்னா கால்வாசி போயிடும் சார்" என்றார். அன்று ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கிறார்களே, அதுதான். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 நண்பகலில் படுக்கையாக வைத்த பேனலுக்கு நேர் வெயிலில் 98 சதவீதம் கிடைக்கும். தெற்கே 13 டிகிரி சாய்த்தால் 92தான். டிசம்பரில் இது தலைகீழ்: படுக்கைக்கு 80, தெற்குச் சாய்வுக்கு 92. வருஷம் முழுக்கக் கூட்டினால், 10 டிகிரி சாய்வில் கிழக்குக்கும் தெற்குக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் சாய்வைக் கூட்டினால் இந்தச் சலுகை போய்விடும். அதற்காக முழுப் படுக்கையாகவும் போடாதீர்கள், மழையில் தூசி கழுவிப் போகாது.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு 'பிவிவாட்ஸ்' என்ற இலவசத் தளம் போதும். ஊர், கிலோவாட், சாய்வு, திசை கொடுத்தால் மாதவாரியாக யூனிட் சொல்லும். ஒரு பொறி உண்டு: அதில் தெற்கு என்றால் 180, கிழக்கு 90. ஐரோப்பியர்களின் 'பிவிஜிஐஎஸ்' தளத்திலோ தெற்குதான் 0, கிழக்கு மைனஸ் 90. நான் முதலில் பழக்கதோஷத்தில் பிவிவாட்ஸில் 0 போட்டு, வடக்குப் பார்த்த பேனலுக்கான கணக்கை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் புலம்பினேன். மனக்கணக்குக்கு, கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையான திருடன் நிழல்தான். 10 அடி உயர டேங்கின் நிழல் டிசம்பர் நண்பகலில் வடக்கே ஏழேகால் அடிக்கு மேல் விழும். காலை 9 மணிக்கு வடமேற்கே 16 அடி. ஒரு பேனலின் மூலையை மறைத்தால்கூடத் தொடராக இணைத்த மற்றவையும் சேர்ந்து படுக்கக்கூடும். நான் டிசம்பர் 21 அன்று 9, 12, 3 மணிக்கு நிழலின் ஓரத்தைக் கோலமாவால் வரைந்தேன். "மார்கழியில வாசல்ல போட வேண்டியதை மாடியில போடறானே" என்று அம்மா அலுத்துக்கொண்டார். அந்தக் கோட்டுக்குள் மாட்டிய இரண்டு பேனல் இடங்களை விட்டுவிட்டு, அவற்றை மேற்குக் கைப்பிடிச்சுவர் பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன். விலை சொன்னவர் திசையைப் பற்றி அத்தனை பேசினாரே, டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.